மணம் இல்லாத பூ எது?

தாதம்பட்டி மல்லிகைக்கு மணம் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தொலைக்காட்சியில் விளம்பரம் முடிந்து நிகழ்ச்சி மறுபடி தொடங்கிய நேரத்தில். அதற்கு ஜெயக்கொடிதான் காரணம் என்று வெளியூர்க்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறோம். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி நாங்கள், அதாவது அன்றைக்குப் பூ மார்க்கெட் சங்கக் கட்டடத்தில் ஆளுக்கொரு மொட்டை மூக்கில் வைத்துக்கொண்டு நின்ற ஊர் மொத்தமும்.

ஜெயக்கொடி எங்கள் மார்க்கெட்டில் ஏலம் கூறுகிறவன். அவன் தொண்டையைத் திறந்தால் ரோட்டில் போகிற திண்டுக்கல் பஸ் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நின்றுவிட்டுப் போகும். ஊருக்கு ஊர் ஓர் அறிவாளி இருக்கையில் எங்களுக்கு மட்டும் இல்லாமல் இருக்கிறதே என்ற குறையில் நாங்களே அவனை அறிவாளி ஆக்கினோம். மங்கோலியாவுக்குத் தலைநகரம் எது என்று யாராவது கேட்டால் ஏலத்தை நிறுத்தாமலே, மூணு கிலோ உதிரிப்பூ, உலான் பாத்தர், அடுத்தது யாரு என்று கூவிவிடுவான். அது சரியா தப்பா என்று சொல்ல எங்களில் யாருக்கும் தெரியாது என்பதால் அவன் சொன்னதெல்லாம் சரியாகவே இருந்தது.

'சொன்னால் சொன்னதுதான்' என்கிற அந்த நிகழ்ச்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள், தமிழில் பார்க்காவிட்டால் வேறு பாஷையில் பார்த்திருப்பீர்கள். கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு குளிர்தேசத்தில் யாரோ யோசித்து உண்டாக்கிய அந்த விளையாட்டை உரிமை வாங்கி நடத்தாத நாடே இல்லை என்கிறார்கள். எல்லா நாட்டிலும் அதே உயரத்தில் அதே நாற்காலி, அதே நீல வெளிச்சம், அதே டொம் டொம் இசை, கேள்விக்கு நாலு விடை, ஒரே ஒரு தடவை ஊருக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொள்ள அரை நிமிஷம், எல்லாம் முடிந்த பிறகு நடத்துகிறவர் முன்னால் சாய்ந்து அந்தந்த நாட்டுப் பாஷையில் கேட்கிற அதே வார்த்தை: சொன்னால் சொன்னதுதானா?

ஜெயக்கொடிக்கு அந்த நாற்காலியில் உட்கார அழைப்பு வந்ததும் நாங்கள் பண்ணிய அட்டகாசத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் ஃபிளெக்ஸ் வைத்தோம், அதில் அவன் தலைக்குப் பின்னால் பூமி உருண்டையைச் சுழலவிட்டோம், மேளம் அடித்து மாலை போட்டுச் சென்னை பஸ்ஸில் ஏற்றினோம். அவன் மனைவி தவமணி மட்டும், பூக் கட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தாமல், தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வரும்படி கேட்டுக்கொண்டாள். அபசகுனமாகப் பேசுகிறாளே என்று எங்களுக்குக் கோபம் வந்தது.

அன்றைய நிகழ்ச்சி நேரலை. சங்கக் கட்டடத்தில் பெரிய டிவி வைத்து, காலையில் விற்காமல் தங்கிய மல்லிகைக் குவியலை ஓரமாக ஒதுக்கிவிட்டு, நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். அவன் ராஜாக்களைச் சொன்னான், நதிகளைச் சொன்னான், ரத்த வகைகளைச் சொன்னான், ஒவ்வொன்றுக்கும் நாங்கள் அது எங்களுக்கும் தெரியும் என்பது போலத் தலையாட்டினோம். இப்படியே ஏறி ஏறிக் கடைசிக் கேள்விக்கு வந்துவிட்டான். விளம்பரம் போனது, வந்தது, இசை நின்றது, திரையில் கேள்வி விழுந்தது: இவற்றுள் மணம் இல்லாத பூ எது? கனகாம்பரம், தாழம்பூ, மல்லிகை, சம்பங்கி.

முதலில் சிரித்தோம். பூவூர்க்காரனிடம் பூவைப் பற்றிக் கேட்கிறானே என்று தொடையில் தட்டிச் சிரித்தோம். அப்புறம் சிரிப்பு மெல்ல அடங்கியது. கடைசிக் கேள்வியை, அத்தனை பெரிய பரிசுக்கான கேள்வியை, பால்வாடிப் பிள்ளைக்குக் கேட்பது போல எவனாவது கேட்பானா, இதில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்ற சந்தேகம் முன்வரிசையில் பிறந்து பின்வரிசைக்குப் போய்ச் சேர்ந்தது. அதே நேரத்தில் சென்னையில் அதே சந்தேகம் ஜெயக்கொடிக்கும் வந்திருக்கிறது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் சொந்தப் பெயர்கூட நாலு விடையில் ஒன்றாகத்தான் தெரியும் என்று பின்னால் சொன்னான். அவன் ஊருக்குப் போன் போட்டான்.

சங்கத் தலைவர் நல்லுச்சாமி ஸ்பீக்கரில் போட்டார். உலகமே கேட்கிறது என்ற நினைப்பில் எல்லோரும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டோம்.

"ஏப்பா, நம்ம மல்லிகைக்கு மணம் இருக்காப்பா?" என்றான் ஜெயக்கொடி.

இருக்கிறது என்று சொல்ல வேண்டியதுதான். ஆனால் பிறந்ததிலிருந்து அந்தப் பூவுக்கு நடுவிலேயே தின்று தூங்கி எழுந்த எங்களுக்கு அதன் எடை தெரியும், விலை தெரியும், எந்த மாதத்தில் எந்தப் பூச்சி விழும் என்று தெரியும், அது மணக்கிறதா என்று ஒருநாளும் நாங்கள் நின்று பார்த்ததில்லை. மணக்கிறது என்பது வாங்குகிறவர்கள் சொன்ன சேதி. ஆகவே உறுதிப்படுத்திக்கொண்டு சொல்லலாம் என்று ஓரத்தில் கிடந்த குவியலில் கைவிட்டு ஆளுக்கொரு மொட்டை எடுத்து மோந்தோம். நல்லுச்சாமி மோந்துவிட்டுப் பக்கத்து ஆளிடம் கொடுத்தார். அவர் இது ஈரத்துணி வாடை என்றார், ஒருவர், இருப்பது மாதிரியும் இருக்கிறது இல்லாதது மாதிரியும் இருக்கிறது என்றார், இன்னொருவர் பேசாமல் ஓட்டெடுப்பு நடத்தலாம் என்றார். அரை நிமிஷம் தீர்ந்து போன் அறுந்தது.

ஜெயக்கொடி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மல்லிகை என்றான். சொன்னால் சொன்னதுதானா என்றார் நடத்துகிறவர். சொன்னால் சொன்னதுதான் என்றான் அவன்.

மின்விசிறி நின்ற பிறகுதானே அதுவரைக்கும் அது ஓடிக்கொண்டிருந்தது காதுக்குத் தெரிகிறது? அப்படித்தான் எங்களுக்கும் ஆயிற்று. கட்டடத்திலிருந்து ஏதோ ஒன்று எழுந்து வெளியே போனதும் அத்தனை பேரும் ஒன்றாக வாசலைத் திரும்பிப் பார்த்தோம். வாசலில் யாரும் இல்லை. குவியலில் மல்லிகை வெள்ளையாக, அழகாக, காகிதத்தைக் கிழித்துப் போட்டது போலக் கிடந்தது.

மறுநாளிலிருந்து ஊர் அந்தப்படியே நடக்கத் தொடங்கியது. எங்கள் மண்ணில் விளைந்த மல்லிகை எந்த ஊருக்குப் போனாலும் மணக்கவில்லை. செண்ட் கம்பெனிக்கு வாங்குகிற ஆள் ஒவ்வொரு கூடையாக மூக்கை விட்டுப் பார்த்துவிட்டு, தனக்குத்தான் ஜலதோஷம் என்று மருந்துக்கடைக்குப் போனார், அப்புறம் திரும்பி வரவில்லை. பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வருகிறவர்கள் பூ வாசனைக்கு விழித்து இறங்குவது வழக்கம். இப்போது அவர்கள் அடுத்த ஊரில் போய் இறங்கி நடந்து வந்தார்கள், டிரைவர்கள் இரக்கப்பட்டு எங்கள் ஊர் எல்லையில் நீளமாக ஹாரன் அடிக்கப் பழகினார்கள். கோபித்துக்கொண்ட மனைவிக்கு ஒரு முழம் வாங்கிப் போய் நீட்டினால் சமாதானம் ஆகிவிடுகிற சண்டைகள் முழம் முழமாக நீட்டியும் ஆறாமல் இழுத்துக்கொண்டு போயின, கடைசியில் புருஷன்மார்கள் வேறு வழியில்லாமல் மன்னிப்புக் கேட்கக் கற்றுக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை அம்மனுக்கு எதைச் சாத்துவது என்று பூசாரி பூவைப் பொட்டலங்களாகக் கட்டிப் போட்டு ஒன்றை எடுத்துப் பார்த்தார். அம்மன் யோசித்துச் சொல்கிறேன் என்கிற மாதிரி வெறும் பொட்டலமே வந்தது.

மல்லிகையை விட்டுப் போன மணம் எங்கே போயிற்று என்று தேடவேண்டிய அவசியம் இருக்கவில்லை, அது மேட்டுக்காட்டுப் பக்கமிருந்து தானாகவே வந்தது. மேட்டுக்காடு சரளைக்கல் நிலம், மல்லிகை வராது, அங்கே பஞ்சவர்ணம் என்கிற கைம்பெண்ணும் இன்னும் சில குடும்பங்களும் கனகாம்பரம் போட்டிருந்தார்கள். கனகாம்பரத்தை நாங்கள் பூவோடு சேர்த்ததில்லை, மல்லிகை ஏலமெல்லாம் முடிந்து தரை கூட்டுகிற நேரத்தில்தான் அவர்கள் கூடை உள்ளே வரலாம். அந்தத் திங்கட்கிழமை பஞ்சவர்ணம் வழக்கம் போல வெளியே காத்திருக்க, தேனீக்கள் அவளுக்கு முன்னால் மார்க்கெட்டுக்குள் வந்தன. கனகாம்பரம் மணத்தது. அது மல்லிகையின் மணம் இல்லை, அதற்கே உரியது, இதுவரைக்கும் யாரும் மோந்திராதது. குளித்த குழந்தையின் பிடரி என்றார் ஒருவர், புதுச் சிலேட்டில் தண்ணீர் தொட்டு அழித்தது என்றார் இன்னொருவர், இல்லை இது தனக்கு மறந்துபோன ஒரு மத்தியானம் என்று சொல்லி மூட்டை தூக்குகிறவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நாங்கள் ஒன்றும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. ஒரு வாரத்துக்குள் கனகாம்பரம்தான் எங்கள் குலப்பூ என்று பேச ஆரம்பித்தோம். சங்கத்தில் பஞ்சவர்ணத்துக்கு நாற்காலி போட்டோம், அதில் அவள் நுனியில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷமாக அவளை ஏ மேட்டுக்காடு என்று கூப்பிட்ட நாங்கள் அவள் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டது அந்த வாரத்தில்தான்.

ஜெயக்கொடியைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. அடிக்கலாம் என்று பார்த்தால், போனில் முழித்தது நாங்கள். எனவே நாகரிகமாகத் துன்புறுத்தினோம். அவன் ஏதாவது தப்பாகச் சொல்லி அதுவும் பலித்துவிடுமோ என்று யாரும் அவனிடம் மணிகூடக் கேட்பதில்லை. டீக்கடைக்காரர், சர்க்கரை இனிக்குமா இனிக்காதா என்று நீ சொல்லிவிடாதே அப்பா, பேசாமல் குடி என்று கிளாஸை நீட்டினார். ஏலத்துக்கு வேறு ஆள் வைத்தோம், அவன் குரல் பக்கத்துக் கடைக்கே கேட்கவில்லை. ஜெயக்கொடி வீட்டுக்குள்ளேயே இருந்து தவமணிக்கு நார் கிழித்துக் கொடுத்தான். அவள் மணமில்லாத மல்லிகையை அதே நெருக்கத்தோடு கட்டி, அலங்காரத்துக்கு என்று சொல்லி, பாதி விலைக்கு விற்று வந்தாள். அவள் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை, அது தான் வாங்கிய ஏச்சுக்களிலேயே மோசமானது என்று அவன் சொல்வான்.

டிவிக்காரர்களுக்கு மனு மேல் மனு போட்டோம். கடைசியில் ஷைனி என்ற பெண் காரில் வந்து இறங்கினாள். நிகழ்ச்சியை உண்டாக்கிய குளிர்தேசத்துக் கம்பெனிக்கு இந்தப் பக்கத்துப் பொறுப்பாளி, மலையாளம் கலந்த தமிழ் பேசினாள். நாங்கள் சொன்னதைக் கேட்டு அவள் திகைக்கவில்லை, இன்னும் ஒன்றா என்பது போலப் பெருமூச்சு விட்டாள். உரிமை வாங்கிப் போன நாடுகளில் எப்போதாவது இப்படி ஆகும், உட்கார்ந்தவன் மட்டும் தப்பாகச் சொன்னால் பரவாயில்லை, அவனோடு ஊரே சேர்ந்து சந்தேகப்பட்டால்தான் ஒட்டிக்கொள்கிறது என்றாள். வடக்கே ஒரு துறைமுகத்து ஆள் மீனுக்கு இமை உண்டு என்று சொல்லிவிட்டு வந்தானாம், அன்றிலிருந்து அந்த ஊர் மீன்கள் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கின்றன, சமையலறையில் எல்லோரும் மெதுவாகத்தான் பேசுகிறார்களாம். மலைதேசத்தில் ஒரு ரொட்டிக்காரி நிலாவுக்குச் சொந்தச் சூடு உண்டு என்று சொன்னதிலிருந்து அந்தக் கிராமத்தில் நிலாவிலேயே மிளகாய் காய்கிறதாம். எல்லோரும் பழகிக்கொள்கிறார்கள், நீங்களும் பழகிக்கொள்வீர்கள் என்றாள்.

நாங்கள் ஏற்கெனவே பழகிவிட்டோம் என்று சொல்ல எங்களுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் நல்லுச்சாமி விடவில்லை, அவருடையது ஊரிலேயே பெரிய மல்லிகைத் தோட்டம். ஷைனி யோசித்து, எல்லா நாட்டிலும் வருஷத்துக்கு ஒரு தடவை தோற்றவர்களைத் திரும்பக் கூப்பிட்டு, அவர்கள் விழுந்த அதே கேள்வியை மறுபடி கேட்கிற நிகழ்ச்சி உண்டு, அதில் ஜெயக்கொடியை உட்கார வைக்கிறேன், அங்கே அவர் என்ன சொல்கிறாரோ அதுதான் இனி உங்கள் ஊருக்கு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலமே ஊர் இரண்டாகப் பிரிந்தது. நல்லுச்சாமி ஜெயக்கொடி வீட்டுக்கு வந்து, கனகாம்பரம் என்ற ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டு வந்தால் போதும், ஏல வேலை மறுபடி உனக்குத்தான் என்றார். தினமும் ஒருவர் வந்து அந்த வார்த்தையை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், கிளிக்குச் சொல்லிக் கொடுப்பது போல. புறப்படுவதற்கு முந்தைய நாள் பஞ்சவர்ணம் வந்தாள். பேச்சை ஆரம்பிக்கத் தெரியாமல் முற்றத்தில் நின்றாள், தவமணி கொடுத்த மோரைக் குடித்தாள், அப்புறம் சொன்னாள்.

"தம்பி, நீ சொன்னது தப்புன்னு எனக்கும் தெரியும். ஆனா இத்தன வருஷத்துல இப்பத்தான் என் கூடைய எடுத்து மூஞ்சிகிட்ட வச்சுப் பாக்குறாங்க. திருப்பி எடுத்துக்கிறதா இருந்தா எடுத்துக்க. எனக்கு முன்னாடியே சொல்லிரு, அவ்வளவுதான்."

மங்கோலியாவுக்குத் தலைநகரம் சொன்ன ஜெயக்கொடி, அவள் வைத்த காலி டம்ளரை எடுத்துக் கழுவி வைத்தான்.

திரும்பவும் சங்கக் கட்டடம், திரும்பவும் டிவி. இந்தத் தடவை மேளம் இல்லை. மல்லிகைக்காரர்கள் வலப்புறம், மேட்டுக்காட்டுக்காரர்கள் இடப்புறம், நடுவில் இரண்டு பக்கமும் சாயத் தயாராக நாங்கள். ஜெயக்கொடி நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான், நீல வெளிச்சத்தில் இளைத்துத் தெரிந்தான். அதே கேள்வி, அதே நாலு விடை. நேரம் ஓடத் தொடங்கியது. அவன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஊருக்குப் போன் போடச் சொன்னான், தவமணியிடம் பேச வேண்டும் என்றான்.

நல்லுச்சாமி போனை ஸ்பீக்கரில் போட்டு அவள் கையில் கொடுத்தார். அதற்குள் வலப்புறம் கனகாம்பரம் கனகாம்பரம் என்று கத்தினார்கள், இடப்புறம் மல்லிகை மல்லிகை என்று கத்தினார்கள், நாங்கள் சத்தம் அதிகமாக இருந்த பக்கத்தோடு சேர்ந்து மாறி மாறிக் கத்தினோம். தவமணி ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்தாள். அவள் சொன்னதை நாங்கள் டிவியில்தான் கேட்டோம்.

"என்னங்க, நீங்க எதுவும் சொல்ல வேணாம். வீட்டுக்கு வாங்க."

அதற்குப் பிறகு ஜெயக்கொடி பேசவில்லை. நடத்துகிறவர் சிரித்துக் கேட்டார், விளக்கிக் கேட்டார், முன்னால் சாய்ந்து, சொன்னால் சொன்னதுதானா என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டு அவன் ஒன்றுமே சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்து விழித்தார். இசை இடித்தது, வெளிச்சம் சிவந்தது. ரோட்டு பஸ்ஸை நிறுத்துகிற தொண்டைக்காரன் வாயை இறுக மூடிக்கொண்டு, கண்ணில் நீர் கட்ட, நேரம் முழுக்கத் தீரும்வரை அந்த நாற்காலியில் இருந்தான். எத்தனையோ நாடுகளில் எத்தனையோ பேர் உட்கார்ந்த நாற்காலி அது, பதில் தெரிந்தும் சொல்லாமல் எழுந்து போனவன் அவன் ஒருவன்தான் என்று ஷைனி பிறகு சொல்லி அனுப்பினாள். தோற்றுவிட்டதாக அறிவித்தார்கள். இங்கே கட்டடத்தில் இரண்டு பக்கமும் அவனைத் திட்டின. அந்த ஒரு விஷயத்தில் ஊர் ஒற்றுமையாகக் கலைந்தது.

மறுநாள் காலையில் மார்க்கெட்டில் இரண்டு பூவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, குனிந்து மோந்து பார்க்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. ஜெயக்கொடி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே அங்கேதான் வந்தான். மல்லிகையில் ஒரு கை அள்ளி முகத்தில் வைத்து மூச்சை இழுத்தான், கனகாம்பரத்தில் ஒரு கை அள்ளி இழுத்தான். இன்றைக்கு மல்லிகை என்றான். நல்லுச்சாமி வெடி வாங்க ஆள் அனுப்பினார். அதற்கடுத்த நாள் கனகாம்பரம் மணத்தது, வெடி அப்படியே இருந்தது. அதற்கப்புறம் இரண்டு நாள் மல்லிகை, ஒரு நாள் இரண்டும், ஒரு நாள் இரண்டும் இல்லாமல் காலையிலிருந்து ஊர் முழுக்கத் தேடி, கடைசியில் யார் வீட்டுக் கொல்லையிலோ பூசணிப்பூவில் கண்டுபிடித்தோம். பதில் சொல்லாமல் விட்ட கேள்வி அப்படித்தான் இருக்கும்போல. ஏலத்துக்கு முன்னால் ஒருவர் மோந்து சொல்லியாக வேண்டும் என்பதால் ஜெயக்கொடிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. மல்லிகைக்காரர்கள் வரப்பில் கனகாம்பரம் நட்டார்கள், மேட்டுக்காட்டில் வண்டல் அடித்து மல்லிகை நட்டுப் பார்த்தார்கள். நாங்கள் அடுத்தவன் தோட்டத்தில் அடுத்தவன் பூவை மோந்து பார்க்கிற கேவலத்துக்கு ஆளாகி, அது கேவலம் என்பதையும் மறந்துபோனோம்.

ஆவணியில் நல்லுச்சாமியின் மகள் தமயந்திக்குக் கல்யாணம் வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் கோயமுத்தூர்க்காரர்கள், பூவூர்ச் சம்பந்தம் என்று மூக்கைத் தீட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். முகூர்த்தத்தன்று விடியற்காலையில் ஜெயக்கொடி தோட்டம் தோட்டமாக ஓடினான். மல்லிகையில் இல்லை, கனகாம்பரத்தில் இல்லை, பூசணியில் இல்லை. மேட்டுக்காட்டின் கோடியில், பஞ்சவர்ணம் காட்டுக்கு வேலியாக நின்ற எருக்கஞ்செடிகளிடம் போனபோது அங்கேயே நின்றுவிட்டான். அவன் குரல் கல்யாணப் பந்தலுக்குக் கேட்டது.

நல்லுச்சாமி பட்டுவேட்டியோடு வந்தார். பின்னாலேயே சம்பந்திகளைத் தவிர நாங்கள் எல்லோரும் வந்தோம். வெளிறிய ஊதா நிறத்தில், மெழுகில் செய்தது போல நின்ற எருக்கம்பூவின் மணம் காட்டை நிறைத்து நின்றது. அதற்கு முன் எந்தப் பூவிலும் நாங்கள் அப்படி ஒரு மணத்தை அறிந்ததில்லை. பஞ்சவர்ணம் கல்யாணத்துக்குக் கட்டிய புடவையோடு வேலிக்கு உள்பக்கம் நின்றாள். நல்லுச்சாமி இரண்டு தடவை தொண்டையைச் செருமினார், மேட்டுக்காடு என்று வாய்வரை வந்ததை விழுங்கினார்.

"பஞ்சவர்ணம்," என்றார், "பிள்ளைக்குத் தலைக்கு வைக்கணும்."

"பறிச்சுக்கங்க அண்ணே," என்றாள் அவள். "எருக்கம்பாலு கண்ணுல பட்டுராம."

பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் குனிந்து பறிக்கத் தொடங்கினார். நாங்களும் வேலி நெடுகக் கலைந்து போய்ப் பறித்தோம். தவமணி கல்லில் உட்கார்ந்து, ஒவ்வொரு காம்பிலும் பாலைத் துடைத்து, மல்லிகையைக் கட்டுகிற அதே நெருக்கத்தோடு எருக்கைக் கட்டிக்கொண்டே வந்தாள்.